வேர் மூடாத பல்

அத்தியாயம் மூன்று

அப்பாவு ஓட்டின்மேல் ஏறி வெகுநேரமாகிவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஸௌரிராஜனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரியிடம் சொன்ன காரணம் குரங்கு. குரங்குகள் கலைத்துப்போட்ட ஓடுகளைச் சரியாக அடுக்கித் தருவதாகச் சொல்லித்தான் அப்பாவு ஏணியைச் சாய்த்தான். உண்மையில் அவன் தேடியது காய்ந்துபோன ஒரு சாணி உருண்டையை. அதற்குள் ஒரு பல் இருக்க வேண்டும்.

"ஊர்ல கீற காக்கா அத்தினியும் இங்கதான் குடித்தனம் பண்ணுது சாமி" என்று மேலிருந்து குரல் வந்தது. "பல்லுதான் காணோம். எதுனா காக்கா கட்டிக்கினு போயிடுச்சோ என்னமோ."

ஸௌரிராஜன் கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டார். அப்பாவு பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் பேச்சுக்குரல் என்று கேட்பது அதுமட்டும்தான். சித்தூரில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, எந்தப் பக்கம் போகிறீர் என்று எல்லோரையும் கேட்டார்கள். கூட வேலை பார்த்த சிநேகிதர்கள் மெட்ராஸ் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக ரயிலேறினார்கள். மனைவி வஸுமதி படுக்கையில் இருந்ததால் அவர் மட்டும் தங்கிவிட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் வஸுமதியும் போய்விட்டாள். உத்தியோகத்தை விட்டுவிட்டு, வாசலில் 'துப்பறிபவர்' என்று ஒரு பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நகரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பாவு, முதலாளியையே நக்கல் செய்து வேலையை இழந்தவன். வேலையைத் தின்ற வாய்தான் ஸௌரிராஜனிடம் இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தது. வழியில் இருக்கிற எல்லா ஊர்க்காரர்களையும் அவனுக்குத் தெரியும்.

இந்த வீடு புத்தூருக்கு மேற்கே, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவில் தனியாக நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு வீட்டின் புகை கண்ணில் படாது. வீட்டுக்காரர் நாராயணசாமி. ஆறு வருஷத்துக்கு முன்னால் திருப்பதி கங்கையம்மன் ஜாத்திரையில் தன் ஒரே மகள் வள்ளியைக் கூட்டத்தில் தவறவிட்டவர். அப்போது வள்ளிக்கு ஆறு வயது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண், ஒரு நெரிசலில் கை நழுவிப் போனாள். அன்றைக்குக் கொடுத்த புகார், ராஜ்யம் இரண்டானபோது எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவரே தேடிக்கொண்டிருந்தார். விதைப்பும் அறுப்பும் தவிர மற்ற நாளெல்லாம் திருப்பதி, சித்தூர், நாயுடுபேட்டை என்று ஊர் ஊராகத் திரிந்தார்.

போன மாதம் செங்கம்மா என்கிற ஒரு பெண்பிள்ளை ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். தான் நாயுடுபேட்டைக்காரி என்றும், ஜாத்திரையில் அழுதுகொண்டிருந்த குழந்தையை எடுத்துப்போய் இத்தனை நாள் வளர்த்ததாகவும், ஊர்பேர் இப்போதுதான் தெரிந்ததாகவும் சொன்னாள். முழங்காலில் தழும்பு இருந்தது. பசுமாட்டின் பேரைச் சிறுமி சரியாகச் சொன்னாள். நாராயணசாமியின் மனைவி பொன்னியம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வயது பன்னிரண்டுக்கு ஆள் குட்டையாக இருக்கிறாளே என்று புத்தூர்க்காரர்கள் கேட்டபோது, சோறில்லாமல் வளர்ந்த பிள்ளை வேறெப்படி இருக்கும் என்று பொன்னியம்மாளே பதில் சொல்லிவிட்டாள்.

நாராயணசாமிக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. ஸௌரிராஜன் வீட்டு வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர், காரணம் கேட்டபோது தரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எம்மேல ஒரு நாளும் கோவிச்சுக்கல சாமி" என்றார். "கையை உட்ட நைனா நான். என் பொண்ணா இருந்தா கோவிச்சுக்கினு இருப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஸௌரிராஜன் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டார். மாந்தோப்பைக் குத்தகைக்குப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு இருவரும் வந்திருந்தார்கள்.

சிறுமி கிணற்றோரம் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிணற்றுப் படியில் தடுக்கி விழுந்ததில் பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. நாராயணசாமி அன்றைக்கு ஊரில் இல்லை. பொன்னியம்மாள் அதைச் சாணியில் உருட்டி, கூரைமேல் எறிந்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தாள்.

பொன்னியம்மாள் வந்து சிறுமியின் தலையில் கனகாம்பரச் சரத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் உள்ளே போனதும் சிறுமி சரத்தை மெதுவாக எடுத்து, மாடத்தில் இருந்த பெருமாள் படத்தின்மேல் சார்த்தினாள். ஏன் எடுத்துவிட்டாய் என்று ஸௌரிராஜன் கேட்டார். பூ சுவாமிதி, நாம வெக்கக் கூடாது என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கெடச்சிடுச்சி" என்றது கூரை.

பல் டாக்டர் பாலசுந்தரத்தின் கடை திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்தது. மெட்ராஸில் படித்தவர். சாணியை வெந்நீரில் கரைத்துப் பல்லை எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார்.

அப்பாவு இதை நம்பவே இல்லை. "சின்னப் புள்ளைக்குப் பால் பல்லு உளுந்தா மறுபடி மொளைக்கப்போவுது. இதுக்குப் போய் ரெண்டு பேரு பஸ் ஏறி வந்தோம். இன்னும் நகம் வெட்டிப்போட்டா அதுக்கு எந்த டாக்டரு சாமி?"

டாக்டர் சிரித்தார். தானாக விழுகிற பால் பல்லுக்கு வேரே இருக்காது, அடியில் புதுப்பல் வளர வளர அந்த வேர் கரைந்துபோகும், பல் ஒரு தொப்பி மாதிரி கழன்று விழும் என்று விளக்கினார். இதற்கு வேர் இருந்தது. ஆகவே இது நிலைப்பல்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இனிமே அந்த எடத்துல மொளைக்காதா?" என்று அப்பாவு கேட்டான்.

முளைக்காது என்றார் டாக்டர். அப்பாவு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் பல்லைத் தலைகீழாகத் திருப்பினார். வேர் ஊதுகுழலின் வாய் போல முடிவில் அகலமாகத் திறந்து, சுவர் காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்தது. பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து இன்னொரு பல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் வேர் கூர்மையாகக் கூடி, நுனியில் ஊசி குத்தின அளவுக்கு ஒரு பொட்டுத் துளைதான் இருந்தது.

"வேர் முழுசா வளர்ந்த பிறகுதான் பல் வெளியே வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை சார். பல் முதல்ல வெளியே வந்து நின்னுடும். வேர் அதுக்கப்புறமும் உள்ளே வளர்ந்துகிட்டே இருக்கும். மேல் முன்பல் ஏழு வயசுல முளைக்கும். வேர் நுனி மூடறதுக்குப் பத்து வயசாகும்."

"இந்தப் பல்லுக்குச் சொந்தக்காரிக்கு?"

"எட்டு. தாராளமா வெச்சா ஒன்பது."

சோறில்லாமல் வளர்ந்த பிள்ளை என்றால் வேரும் பின்தங்காதா என்று ஸௌரிராஜன் கேட்டார். பட்டினி கிடந்தால் உயரம் குறையும், எடை குறையும், பல் சில மாதம் தாமதிக்கலாம், நாலு வருஷம் தாமதிக்காது என்றார் டாக்டர். பல்லின் விளிம்பில் புதுப்பல்லுக்கே உரிய ரம்ப முனை இன்னும் தேயாமல் இருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

வெளியே வந்ததும் அப்பாவு விரல்விட்டுக் கணக்குப் போட்டான். இன்றைக்கு எட்டு வயது என்றால் அந்த ஜாத்திரையின்போது இரண்டு வயது. தொலைந்துபோனவளோ ஆறு வயதுக்காரி. "அப்ப இது வள்ளி இல்ல. செங்கம்மாவப் புடிக்கணும். உடுங்க சாமி, நாயுடுபேட்டை பஸ்ஸு டிரைவரு நம்ம ஆளு."

"நாயுடுபேட்டைக்கு வேண்டாம்" என்றார் ஸௌரிராஜன். "மலைக்குப் போற பஸ் எப்போ?"

அப்பாவு முழித்தான். ஸௌரிராஜன் பூச்சரத்தைப் பற்றிச் சொன்னார். ஊரெல்லாம் பெண்குழந்தைகள் பூவுக்கு அழும். தலையில் வைத்த பூவை எடுத்துச் சுவாமிக்குச் சார்த்துகிற குழந்தை ஒரே இடத்தில்தான் வளர்ந்திருக்கும். திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கு, மனுஷர்கள் சூடிக்கொள்வதில்லை. அங்கே பிறந்து வளர்ந்ததற்கு அது கையில் பச்சை குத்தின மாதிரி.

"நான் கூரைமேல குரங்கோட குரங்கா கெடந்தேன். நீங்க நிழல்ல நின்னுக்கினே மலையைக் கண்டுபுடிச்சிட்டீங்க" என்றான் அப்பாவு.

மலைப் பாதையில் பஸ் திரும்பும்போதெல்லாம் கீழே ஊர் சிறுத்துக்கொண்டே போனது. எல்லைக் கோட்டை எங்கே போடுவார்கள், திருத்தணி எந்தப் பக்கம் போகும் என்று முன் ஸீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஸௌரிராஜன் நாராயணசாமி தேடித் திரிந்த ஆறு வருஷத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏமாற்றுக்காரியைப் பிடிக்கப் போகிறோம் என்ற சந்தோஷம் ஏனோ வரவில்லை.

செங்கம்மாவைத் தேடுவதற்குச் சிரமமே இருக்கவில்லை. ஒரு நந்தவனத்தில் பூப்பறிக்கிறவர்களிடம் முன்பல் புதிதாக முளைத்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி இங்கே இருந்தாளே என்று அப்பாவு தெலுங்கில் பேச்சுக்கொடுத்தான். வெங்கடம்மாவா, அவளைச் செங்கம்மா எங்கோ கொண்டுவிட்டுவிட்டாள் என்று பதில் வந்தது. துளசிப் பாத்தியில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

அவள் ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போலீஸா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் ஒரு கல்லில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொன்னாள். வெங்கடம்மாவின் அம்மா அவளோடு பூப்பறித்தவள். காய்ச்சலில் போய்விட்டாள். அப்பன் யாரென்று தெரியாது. குழந்தை ஒரு வருஷமாக அவளிடம்தான் இருந்தது. அவளுக்கும் யாருமில்லை.

"பன்னிரண்டு வயசுன்னு சொல்லி அந்தக் குடும்பத்தை ஏமாத்தணும்னு யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று ஸௌரிராஜன் கேட்டார்.

செங்கம்மா அவரைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "அந்தம்மாதான் சாமி" என்றாள். "பொன்னியம்மாதான்."

அப்பாவு அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

செங்கம்மா சொன்னது இதுதான். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் கீழே திருப்பதியில் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருப்பார். அவளையும் கூட்டிவந்தால் மலைக்கு அனுப்பிவிடுவார். சாயங்காலம் வரைக்கும் அவள் குளக்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். வெங்கடம்மா போய்ப் பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே கூட உட்கார்ந்திருப்பார்கள். மாட்டின் பேரைச் சொல்லிக்கொடுத்தது பொன்னியம்மாள். குழந்தை முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, வள்ளிக்கும் தழும்பு இருந்ததாகப் புருஷனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்ததும் அவள்தான்.

ஸௌரிராஜன் கீழே இறங்குகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார். இது அவர் கூரைக்குக் கீழே நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முன்பல் கழன்று விழுந்தால் தாய்க்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். சாணியில் உருட்டிக் கூரையில் எறிவது, மறுபடி முளைக்கும் என்று நினைக்கிற வயசுப் பிள்ளைக்குத்தான். பொன்னியம்மாளுக்கு அந்தப் பெண்ணின் வயது முதலிலேயே தெரியும்.

மறுநாள் காலையில் பொன்னியம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். நாராயணசாமி சிறுமியைக் கூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போயிருந்தார். ஸௌரிராஜன் தான் யார் என்று சொன்னார். மலைக்குப் போய்வந்ததையும் சொன்னார். அவள் தவிட்டுக்குள் இருந்த கையை எடுக்கவில்லை.

தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கலாமே என்றார் அவர்.

"இன்னொரு புள்ள இந்த வூட்டுக்கு வந்தா வள்ளி செத்துட்டான்னு அர்த்தம்னு சொல்வாரு. அந்தப் பேச்ச எடுக்கவே உடமாட்டாரு." அவள் குரல் உயரவில்லை. "எனக்கும்தான் சாமி பொண்ணு போச்சி. அவுரு தேடிக்கினு போயிடறாரு. அவருக்கு எத்தினி ஊரு கீது. எனக்கு இந்த வூடு ஒண்ணுதான். ஒரு வார்த்த பேசறதுக்கு மாடுதான். வள்ளி கெடச்சிட்டான்னா அவுரு வூட்ல இருப்பாருன்னு நெனச்சேன்."

"இருந்தாரா?"

"ஒரு வாரம் இருந்தாரு. ஒண்ணா உக்காந்து சோறு துன்னோம்." அவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். "நீங்க சொல்லாதீங்க சாமி. நானே சொல்லிடறேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். நாராயணசாமி வந்து கால் கழுவியதும், ஸௌரிராஜனும் அப்பாவுவும் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னாள். அழவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் தயாராக இருந்தவள் போலத் தன்னுடைய மாற்றுப் பாவாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நாராயணசாமி எழுந்து வெளியே போனார். கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டி, தோப்பைத் தாண்டிப் போவது தெரிந்தது. போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பொன்னியம்மாள் வாசலைப் பார்க்கவே இல்லை. அப்பாவு ஏதாவது பேசமாட்டானா என்று ஸௌரிராஜனுக்கு இருந்தது. அவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறிய பிறகு அவர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. நேராகக் கதவுப் பக்கம் போனார்.

"உம் பேரு இன்னாம்மா?"

சிறுமி பொன்னியம்மாளைப் பார்த்தாள். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு, "வெங்கடம்மா" என்றாள்.

"அந்தத் துணிய உள்ள வையி, வெங்கடம்மா" என்றார் நாராயணசாமி.

பிறகு ஸௌரிராஜன் பக்கம் வந்தார். இடுப்பிலிருந்து மெழுகுத் துணியில் சுற்றியிருந்த ஒரு படத்தை எடுத்தார். புத்தூர் ஸ்டூடியோவில் எடுத்தது. நாற்காலியின்மேல் நிற்க வைத்த ஒரு சின்னப் பெண், காமிராவை முறைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேர் கைபட்டு அதன் ஓரங்கள் நைந்துபோயிருந்தன.

"தேடறத நிறுத்த முடியாது சாமி. அவ எங்கியோ கீறா. ஆனா நான் வூட்ல இருக்கணும். எனக்குப் பதிலா நீங்க தேடறீங்களா?"

ஸௌரிராஜன் படத்தை வாங்கிக்கொண்டார். தேடுகிறேன் என்றார். தனக்கு வீட்டில் காத்திருப்பவர்கள் யாருமில்லை என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

புத்தூர் ரோட்டில் நகரி பஸ் முதலில் வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்க சாமி என்று அப்பாவு கூப்பிட்டான். இன்னொரு நாள் ஆகட்டும் என்றார். அவன் படியில் தொங்கிக்கொண்டே, நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்கு வந்துடறேன், அதுக்குள்ள என்னை உட்டுட்டு எங்கியும் போயிடாதீங்க என்று கத்தினான். பஸ் போன பிறகு ரோடு வெறிச்சென்று ஆயிற்று.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தாள். வடமாலைப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஸௌரிராஜன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். வேறொருவருடைய குழந்தையைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, இந்தக் குழந்தையை எங்கேயாவது பார்த்திருக்கேளா? இப்போ பன்னிரண்டு வயசு இருக்கும்."

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். உங்க பொண்ணா என்று கேட்டாள். அவர் ஒரு கணம் தயங்கி, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். அவள் இல்லையென்று உதட்டைப் பிதுக்கிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஸௌரிராஜன் அதைத் துணியில் சுற்றவில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் ஸீட்டுக்குப் போனார்.